மூளை நாடிப் புடைப்பும் கபச்சுரப்பியும்



ஓர் ஆசிரியரை உங்கள் மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். வயது 52. ஒருநாட் காலை வகுப்பறையில் நின்றுகொண்டிருந்தபோது, தலையில் இடி விழுந்தாற்போன்ற வலியொன்று அவரைத் தாக்கியது. வாந்தி எடுத்தார், கழுத்து விறைத்தது, நினைவு மங்கியது. மூளையின் நாடியொன்றில் இருந்த புடைப்பு வெடித்துவிட்டதென வைத்தியர்கள் கண்டறிந்து உரிய சிகிச்சை செய்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். சில கிழமைகளின் பின் வீடு திரும்பினார். சுற்றத்தார் நேர்த்திக்கடன் செலுத்தினர்.

ஆறு மாதங்கள் சென்றன. கைகால்கள் வழங்குகின்றன, பேச்சுத் தெளிவாக இருக்கின்றது. ஆயினும் அவர் பழைய ஆசிரியர் அல்லர். காலையில் எழுந்து முகம் கழுவுவதே அவருக்கு ஒருநாள் வேலையாகத் தோன்றுகின்றது. வைகாசி வெயிலிலும் போர்வை கேட்கிறார். சோற்றில் விருப்பமில்லை; புத்தகத்தில் விருப்பமில்லை; மனைவியோடு பேசவும் விருப்பமில்லை. “பயந்துபோனார்” என்கிறார் ஒருவர். “மனத்தைத் தளரவிட்டுவிட்டார்” என்கிறார் மற்றொருவர். “சும்மா இருந்து பழகிவிட்டார்” என்று வாய்க்குள் முணுமுணுப்போரும் உளர்.

இவ்வாசிரியர் விளக்கத்தின் பொருட்டு நாம் கற்பித்துக்கொண்டவர். ஆனால், இத்தகைய தளர்ச்சியோடு வாழ்வோர் உலகெங்கும் உளர். அவர்களுள் ஒரு பகுதியினரின் துன்பத்துக்குக் காரணம், மூளையின் அடியில் தொங்கும் சிறு சுரப்பியொன்று தன் தொழிலைச் சரிவரச் செய்யாமையே. இக்குறையைக் கண்டறியவும் கூடும். பெரும்பாலும் ஈடுசெய்யவும் கூடும். ஆனால், அதனைத் தேடினால்தான் காணலாம். இன்று இது பற்றியே உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

முதலில் அச்சுரப்பியை அறிந்துகொள்வோம். அதன் பெயர் கபச்சுரப்பி. மூளையிலிருந்து வடியும் கபத்தை மூக்குக்கு அனுப்பும் உறுப்பு இதுவெனப் பண்டைக் கிரேக்க வைத்தியர் கருதினர். அதனால் இலத்தீன் மொழியில் கபத்தைக் குறிக்கும் சொல்லைக் கொண்டே ஐரோப்பியர் இதற்குப் பெயரிட்டனர். தமிழிலும் அப்பொருளே நிலைத்துவிட்டது. 17 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த றிச்சட் லோவர் முதலியோர் இக்கொள்கை தவறென நிறுவினர். கொள்கை போயிற்று, பெயர் மட்டும் எஞ்சியது.

இச்சுரப்பி ஒரு பட்டாணிக் கடலையின் பருமனுடையது. நிறை ஏறக்குறைய அரைக் கிராம். மூக்கின் அடிக்குப் பின்னே, மண்டையோட்டின் அடித்தளத்தில், குதிரைச் சேணம் போன்று குழிந்த என்பினுள் இது அமர்ந்திருக்கின்றது. மெல்லிய காம்பொன்று இதனை மேலேயுள்ள பரிவகக்கீழ் என்னும் மூளைப்பகுதியோடு இணைக்கின்றது. பரிவகக்கீழிலிருந்து வரும் கட்டளைக்கு ஏற்ப, கபச்சுரப்பி பல ஓமோன்களைக் குருதியில் விடுகின்றது. அவற்றுள் ஒன்று கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியைத் தூண்டும். இன்னொன்று சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனற் சுரப்பிகளைத் தூண்டிக் கோட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கச் செய்யும். வேறு சில இனப்பெருக்க உறுப்புகளை இயக்கும். வளர்ச்சி ஓமோன் குழந்தையை வளர்ப்பதோடு நில்லாது, வளர்ந்தோரின் தசையையும் என்பையும் பேணும். பரிவகக்கீழில் உருவாகிக் கபச்சுரப்பியின் பின்பகுதியில் சேமிக்கப்படும் வேறோர் ஓமோன், சிறுநீரின் வழியே உடல்நீர் வீணாகாமற் காக்கும்.

நமது வயற்பிரதேசங்களில் வட்டை விதானையார் என ஒருவர் இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். குளத்து நீரை எந்த வாய்க்காலில் எப்போது விடுவது என்பது அவர் பொறுப்பு. வயல் காய்ந்தால் கமக்காரர் முறையிடுவர். விதானையார் கூடுதலான நீரைத் திறக்கக் கட்டளையிடுவார். வயல் நிறைந்தால் கட்டளை குறையும். கபச்சுரப்பியின் தொழிலும் இத்தகையதே. தைரொயிட்டு ஓமோன் குறைந்தால் கபச்சுரப்பியின் தூண்டற் கட்டளை கூடும். மிகுந்தால் கட்டளை குறையும். இவ்வுவமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் வேண்டப்படும்.

இனி நாடிகளைப் பார்ப்போம். மூளைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நான்கு பெரிய நாடிகள், மூளையின் அடியில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைகின்றன. தோமஸ் உவில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 1664 ஆம் ஆண்டில் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூலில் இவ்வளையத்தைத் தெளிவாக விளக்கினார். அந்நூலின் ஆய்வுக்குத் துணைநின்றவர், நாம் முன்னர் குறிப்பிட்ட றிச்சட் லோவரே. படங்களை வரைந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் இலண்டன் புனித பவுல் பேராலயத்தை அமைத்த கிறிஸ்தோபர் றென். இன்றும் அது உவில்லிஸ் வளையம் என்றே வழங்கப்படுகின்றது.

இவ்வளையத்தின் நடுவே இருப்பவை யாவை? பார்வை நரம்புகள் சந்திக்கும் இடமும், கபச்சுரப்பியின் காம்புமே. கபச்சுரப்பியின் இருமருங்கிலும் உட்கழுத்து நாடிகள் ஒட்டியே செல்கின்றன. சுரப்பிக்கும் காம்புக்கும் குருதியூட்டும் நுண்ணிய கிளைகள் அந்நாடிகளிலிருந்தே பிரிகின்றன. ஆகவே, இவ்வளையத்தில் நேரும் கேடு அயலிலுள்ள சுரப்பியையும் தாக்குவது வியப்பன்று.

நாடிகள் கிளைவிடும் மூலைகளில் குருதியோட்டத்தின் மோதல் மிகுதி. அவ்விடத்தில் சுவர் நலிந்தால், பழைய சைக்கிள் ரியூப் ஒரு பக்கம் பொம்மிக்கொண்டு வருவதுபோல, சிறு பை ஒன்று புடைத்தெழும். இதுவே நாடிப்புடைப்பு, வைத்தியர் அனியூரிசம் என்பர். வளர்ந்தோருள் 100 பேரில் ஏறக்குறைய 3 பேரிடம் வெடிக்காத புடைப்பு இருக்கலாம் என ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களுட் பெரும்பாலார் அதனை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். புகைத்தலும் உயர் குருதியமுக்கமும் வெடிக்கும் இடரைக் கூட்டுகின்றன. வெடித்தாலோ, மூளையை மூடியுள்ள மென்படலங்களுக்கிடையே குருதி பாய்கின்றது. அவ்வாறு நேர்ந்தோருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் சில கிழமைகளுக்குள் உயிரிழக்கின்றனர். வாழ்க்கையில் ஒருபோதும் கண்டிராத கடுந்தலைவலி ஒரு கணத்தில் தோன்றினால், தைலம் பூசிக்கொண்டு படுத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்கின்றேன்.

புடைப்பு கபச்சுரப்பியைக் கெடுக்கும் வழிகள் இரண்டு. முதலாவது, வெடியாமலே நெருக்குதல். சேணக்குழிக்குள்ளோ அதன் மேலோ பெரிதாக வளரும் புடைப்பு, சுரப்பியையும் பார்வை நரம்பையும் அழுத்தும். இது அரிது. அமெரிக்காவின் மாயோ வைத்திய நிலையத்தில் 1950 முதல் 1995 வரை கபச்சுரப்பிக் குறைவுடன் காணப்பட்ட 4,087 பேரில், சேணக்குழிப் புடைப்பினால் அந்நிலை எய்தியவர் 7 பேரே. அரிதாயினும் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. இப்புடைப்பு கபச்சுரப்பிக் கட்டியின் தோற்றத்தை அப்படியே ஒத்திருக்கும். கட்டியை மூக்கின் வழியாக அகற்றுவது இன்று வழக்கமான முறை. கட்டியென எண்ணிப் புடைப்பைக் கீறினால் குருதி பீறிட்டு உயிருக்கே கேடாகும். 1961 ஆம் ஆண்டிலேயே வைற், பலன்ரைன் என்னும் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இம்மயக்கத்தைப் பற்றி விரிவாக எழுதினர். கத்தியை எடுக்குமுன் காந்தப் பரிவுப் படத்தையும், ஐயமெழுந்தால் நாடிப்படத்தையும் எடுத்துப் பார்ப்பது இதனாலேதான்.

இரண்டாவது வழி, வெடித்தலால் வரும் கேடு. வெடித்த கணத்தில் மண்டையோட்டினுள் அமுக்கம் திடீரென உயர்கின்றது. குருதி பரிவகக்கீழைச் சூழ்கின்றது. அடுத்துவரும் நாட்களில் நாடிகள் சுருங்கி, நுண்கிளைகளுக்குக் குருதி எட்டாமற் போகலாம். மூளைநீர் வடிய வழியின்றித் தேங்கி நெருக்குவதும் உண்டு. 1963 ஆம் ஆண்டில் குரொம்ப்டன் என்னும் ஆய்வாளர், புடைப்பு வெடித்து இறந்தோரின் மூளைகளைச் சோதித்து, பாதிக்கு மேற்பட்டவற்றில் பரிவகக்கீழ் சிதைவுற்றிருந்ததை எடுத்துக்காட்டினார். இறந்தோரிடம் கண்ட காயம், ஓரளவிலேனும் பிழைத்தோரிடமும் இருக்குமன்றோ?

குருதி குறைந்தால் கபச்சுரப்பி நலிவுறும் என்பது வேறு வழிகளாலும் அறியப்பட்டதே. பிள்ளைப்பேற்றின்போது பெருங்குருதி இழந்த தாய்மாரின் கபச்சுரப்பி அழிவுறுவதை ஹரோல்ட் ஷீஹன் 1937 ஆம் ஆண்டில் விளக்கினார். கண்ணாடி விரியன் தீண்டியோரிடமும் இத்தகைய கேடு தோன்றுவதை, 1987 ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து வெளிவந்த ஆய்வு காட்டியது. தாய்மாருக்கு நேர்ந்ததும் பாம்பு தீண்டியோருக்கு நேர்ந்ததும் நம் ஆசிரியருக்கு நேர்ந்ததும் தொடக்கத்தால் வேறு, முடிவால் ஒன்று.

புடைப்புக்கான சிகிச்சை எவ்வாறு வளர்ந்தது என்பதையும் சுருங்கக் காண்போம். 1937 ஆம் ஆண்டு மார்ச்சு 23 ஆம் நாள், பால்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், வோல்ட்டர் டண்டி என்பார் புடைப்பின் கழுத்தில் சிறிய வெள்ளிக் கவ்வியொன்றை இட்டு அதனை நாடியிலிருந்து துண்டித்தார். நோயாளர் நலமடைந்தார். பின்னர் உருப்பெருக்கியின் துணையும் சேர, இம்முறை செம்மையடைந்தது. 1990 ஆம் ஆண்டளவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் குவிதோ குலியெல்மி வேறொரு வழியைக் கண்டார். தொடை நாடியின் வழியாக நுண்குழாயைச் செலுத்தி, மெல்லிய பிளாட்டினச் சுருள்களால் புடைப்பை உள்ளிருந்தே நிரப்புவது அவ்வழி, மண்டையோட்டைத் திறக்கவேண்டியதில்லை. இருமுறைக்கும் ஏற்ற 2,143 நோயாளரைக் கொண்டு நடந்த ஒப்பாய்வின் முடிவு 2002 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓராண்டின் முடிவில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும், சுருள் முறையில் 100 க்கு ஏறக்குறைய 24. கவ்வி முறையில் ஏறக்குறைய 31. எனினும் புடைப்பின் இடத்தையும் வடிவையும் பொறுத்தே நிபுணர் முறையைத் தேர்கின்றனர். நாடிச் சுருக்கத்தின் தீங்கைக் குறைக்க நிமோடிபின் என்னும் மருந்து 21 நாட்களுக்குக் கொடுக்கப்படுகின்றது. இவ்விரு முறைகளும் மீண்டும் குருதி பாயாமற் காப்பன. முதல் வெடிப்பிலே கபச்சுரப்பிக்கு நேர்ந்த காயத்தை அவை மாற்றமாட்டா.

அக்காயம் இருகாலங்களில் வெளிப்படும். முதலாவது, வைத்தியசாலையில் இருக்கும் நாட்களில். நீர்காக்கும் ஓமோன் அளவுமீறிச் சுரந்தால், உடலில் நீர் தேங்கிக் குருதியில் சோடியம் என்னும் உப்பு தாழ்ந்துவிடும். சில வேளைகளில் சிறுநீரோடு உப்பு வெளியேறுவதாலும் சோடியம் தாழலாம். அது மிகத் தாழ்ந்தால் குழப்பமும் வலிப்பும் தோன்றும். மாறாக, அவ்வோமோன் அற்றுப்போனால் சிறுநீர் குடங்குடமாய்ப் பெருகி, சோடியம் உயரும். கோட்டிசோல் குறைந்தாலும் சோடியமும் குருதியமுக்கமும் வீழும். டப்ளின் நகரில் 100 நோயாளரை நாள்தோறும் சோதித்து 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சோடியம் தாழ்ந்தது. அவர்களுட் சிலரின் குறைக்குக் காரணம் கோட்டிசோல் இன்மையே. காரணத்தை அறிந்தே மருந்திடவேண்டும். சாதாரணமாக நீர் தேங்கியோருக்குக் குடிக்கும் நீரைக் குறைப்பர். ஆனால் நாடி சுருங்கும் நாட்களில் அவ்வாறு செய்தால், மூளைக்குச் செல்லும் குருதி மேலும் குறைந்து பாரிசவாதம் வரக்கூடும். உறவினர் அன்பினால் இளநீரும் தண்ணீரும் கணக்கின்றிக் கொடுப்பதும், அன்றிக் கொடாது விடுவதும் தவறே. தாதியரிடம் கேட்டே கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது காலம், வீடு திரும்பிய பின்னர் வரும் மாதங்கள். 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வொன்று, புடைப்பு வெடித்துப் பிழைத்தோருள் 100 க்கு 47 பேரிடம் ஏதேனும் ஒரு கபச்சுரப்பி ஓமோன் குறைந்திருந்ததெனக் கூறிற்று. பின்வந்த தொகுப்புகள், ஆறு மாதங்களின் பின் நால்வரில் ஒருவர் அளவுக்கே அக்குறை உண்டெனக் காட்டின. மிக அரிதெனக் கண்ட ஆய்வுகளும் உண்டு. சோதிக்கும் முறையும் குறையென வகுக்கும் எல்லையும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுவதே இதற்குக் காரணம். குறைந்த கணக்கையே ஏற்றாலும், தேடாது விடத்தக்க சிறுதொகை அன்று.

குறையின் அடையாளங்கள் யாவை? ஓயாத களைப்பு, குளிர் தாங்காமை, பசியின்மை, எழுந்து நிற்கையில் தலைசுற்று, மலச்சிக்கல், மறதி, மனச்சோர்வு, இல்லற நாட்டமின்மை. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடல். ஆண்களுக்குத் தாடி மீசை வளர்ச்சி குன்றல். இவற்றுட் பல, பெருநோயிலிருந்து எழுந்த எவரிடமும் காணப்படுபவை. மூளைக்காயமே களைப்பைத் தரும். அச்சமும் துயரமும் தரும். எனவே, களைப்புற்ற அனைவரும் கபச்சுரப்பி நோயாளர் என்று முடிவுகட்டுதலும் பிழையாகும். எது எதுவெனப் பிரித்துக்காட்டவல்லது குருதிச் சோதனையே.

அச்சோதனையிலும் ஒரு கண்ணி உண்டு. தைரொயிட்டைச் சோதிக்கும்போது, பெரும்பாலும் கபச்சுரப்பியின் தூண்டல் ஓமோனையே அளப்பர். தைரொயிட்டுத்தான் நோயுற்றதாயின் அத்தூண்டல் உயர்ந்து நோயைக் காட்டிக்கொடுக்கும். கபச்சுரப்பியே நோயுற்றதாயின்? இங்கே விதானையாரை நினைவுகூருங்கள். விதானையார் படுத்த படுக்கையில் கிடக்கிறார், வயல் காய்கின்றது, கூடுதல் நீர் விடும்படி எந்தக் கட்டளையும் வரவில்லை. கட்டளை ஏட்டை மட்டும் புரட்டிப் பார்ப்பவர், எல்லாம் செவ்வனே நடப்பதாக எண்ணிக்கொள்வார். வயலில் இறங்கிப் பார்ப்பவரே உண்மையைக் காண்பார். ஆதலால், தூண்டல் ஓமோனோடு தைரொக்சின் என்னும் தைரொயிட்டு ஓமோனையும் நேரே அளக்கவேண்டும். கோட்டிசோல் காலையில் உயர்ந்து மாலையில் தாழ்வது இயல்பாதலால், அதனைக் காலை வேளையில் அளப்பர். ஐயம் நீங்காவிடின் தூண்டற் சோதனைகள் செய்வர். மூன்று முதல் ஆறு மாதங்களில் ஒருமுறையும், ஓராண்டளவில் மறுமுறையும் சோதித்தல் தகும் எனப் பல நிபுணர் கருதுகின்றனர். சிலருக்குச் சுரப்பி தானே தேறிவிடுவதும் உண்டு.

குறை உறுதியானால், இல்லாததை ஈடுசெய்வதே சிகிச்சை. கோட்டிசோலுக்கு ஈடாக ஐதரோகோட்டிசோன் மாத்திரை. வளர்ந்தோருக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, காலையில் கூடிய பங்கு. தைரொயிட்டுக்கு ஈடாகத் தைரொக்சின். நீர்காக்கும் ஓமோனுக்கு ஈடாக டெஸ்மோபிரசின். இனவோமோன்களும் வளர்ச்சி ஓமோனும் நோயாளரின் வயதையும் தேவையையும் பொறுத்தவை.

இதில் மீறக்கூடாத ஒரு வரிசை உண்டு. கோட்டிசோலும் தைரொக்சினும் ஒருங்கே குறைந்திருந்தால், கோட்டிசோலையே முதலில் ஈடுசெய்தல் வேண்டும். தைரொக்சின் உடலின் இயக்கத்தை விரைவுபடுத்தும். எஞ்சியிருக்கும் சிறிதளவு கோட்டிசோலும் அதனால் விரைந்து செலவாகி, நோயாளர் மயங்கி வீழ்ந்து உயிராபத்தை அடையக்கூடும்.

இன்னுமொன்று. நலமுடைய உடல் காய்ச்சலின்போதும் காயத்தின்போதும் கோட்டிசோலைத் தானே கூடுதலாகச் சுரக்கும். மாத்திரையை நம்பி வாழ்பவரின் உடல் அவ்வாறு செய்யாது. ஆகவே காய்ச்சல் வந்தால், வைத்தியர் முன்னரே சொல்லிவைத்தபடி அளவை இருமடங்காக்கவேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிடில் தாமதியாது ஊசி மருந்து பெறவேண்டும். விரதமென்றோ, நலமாயிற்று என்றோ மாத்திரையைத் திடீரென நிறுத்துதல் கூடாது. இவ்விவரங்களை எழுதிய அட்டையொன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருத்தல் நன்று. பேச இயலாத வேளையில் அவ்வட்டை பேசும்.

நேயர்களே, நம் ஆசிரியரிடம் மீண்டும் வருவோம். அவர் வீட்டார் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. அடுத்தமுறை வைத்தியரிடம் செல்லும்போது, “தலைவலி இல்லை, நலமாக இருக்கிறார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பாமல், அவர் எழும் நேரத்தையும், உண்ணும் அளவையும், வெயிலில் போர்வை கேட்பதையும் சொல்லட்டும். “கபச்சுரப்பியின் ஓமோன்களைச் சோதித்தல் தகுமா?” என்று பணிவோடு கேட்கட்டும். சோதனையில் குறையில்லையாயின், ஓர் ஐயம் நீங்கியது. களைப்புக்கு வேறு காரணமும் வேறு உதவியும் தேடலாம். குறை இருந்தால், மாத்திரைகள் அவர் இழந்ததிற் பெரும்பகுதியை மீட்டுத் தரக்கூடும்.

எவ்வாறாயினும், “சும்மா இருந்து பழகிவிட்டார்” என்னும் தீர்ப்பை அதுவரை ஒத்திவைப்போம். சாவின் வாயிலிலிருந்து மீண்டு வந்த ஒருவர் சோம்பலை விரும்பித் தேர்ந்தார் என்று சொல்லுமுன், அவர் உடலுக்குள் கட்டளையிடவேண்டிய அச்சிறு சுரப்பி ஓய்ந்து கிடக்கின்றதா என்று பார்ப்பது நம் கடமையாகும்.